தெருவையும் சேர்த்து எடுங்கள்

மயிலாப்பூரில் அறுபத்து மூவர் உற்சவம் நடக்கும் அன்று மாலையே சமூக ஊடகங்களில் படங்கள் வரத் தொடங்கிவிடும். பல்லக்கில் நாயன்மார்கள், நான்கு மாட வீதிகளிலும் தலை தலையாகக் கூட்டம், நீர்மோர்ப் பந்தல், பலூன்காரர், அப்பாவின் தோளில் ஏறி உட்கார்ந்த பிள்ளை என்று அன்றைக்கு அந்த வீதிகளில் பார்க்க எவ்வளவோ உண்டு. வருகிற படங்கள் பலவற்றில் இவை எதுவும் இருப்பதில்லை. ஒரு பாட்டியின் முகம் இருக்கும், சுருக்கங்களை எண்ணிவிடலாம் என்கிற துல்லியத்தில். அவருக்குப் பின்னால் மஞ்சளும் சிவப்புமாகச் சில வட்டங்கள் மிதக்கும். கோபுரம் எந்தப் பக்கம், அருகில் நின்றது யார், எதைப் பார்த்து அந்தப் பாட்டி கைகூப்பினார் என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. கொச்சியில் எடுத்தது, காசியில் எடுத்தது என்றாலும் நம்பிவிடலாம்.

எடுத்தவருக்கு ரசனை இல்லை என்றோ உழைக்கவில்லை என்றோ சொல்ல வழியில்லை. வெயிலில் நின்று, கூட்டத்தில் இடிபட்டு, கால் கடுக்கக் காத்திருந்து எடுத்த படங்கள் அவை. கேமராவில் அப்பெர்ச்சர் என்னும் ஒரே ஒரு செட்டிங்கைக் கடைசி வரை திறந்து வைத்ததுதான் வினை. தெருப் புகைப்படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கைவிட வேண்டிய பழக்கம் இது. கடைப்பலகை, சுவரொட்டி, திண்ணை, எதிரே வருகிறவரின் பார்வை எல்லாம் அதில் கரைந்துபோகின்றன. முப்பது வருஷம் கழித்து இந்த ஊர் எப்படி இருந்தது என்று தேடிப் பார்க்கிறவருக்கு அந்தப் படத்தில் ஒன்றும் மிஞ்சாது.

லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளைதான் அப்பெர்ச்சர். எஃப் 1.4, எஃப் 2 என்று எண் சிறியதாக இருந்தால் துளை பெரிது. எஃப் 8, எஃப் 11 என்று எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். துளை பெரிதானால் ஒளி தாராளமாக வரும், படத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் குறுகிவிடும். எவ்வளவு குறுகும் என்று கணக்குப் போட்டால்தான் விஷயம் உறைக்கும். 35 மி.மீ. லென்ஸ் மாட்டிய ஃபுல் ஃபிரேம் கேமரா, எதிரே இரண்டரை மீட்டரில் ஒரு பூக்காரம்மா என்று வைத்துக்கொள்வோம். எஃப் 1.4-இல் எடுத்தால் அவருக்கு முன்னும் பின்னும் சேர்த்து 43 சென்டிமீட்டர்தான் தெளிவாக விழும். ஒன்றரை அடிகூட இல்லை. முகம் தெளிவாக இருக்கும், கை நீட்டி அளந்து கொடுக்கும் மல்லிகைச் சரம் மங்கிவிடும், வாங்க வந்தவர் கரைந்தே போவார். அதே இடத்தில் எஃப் 8 வைத்தால் சுமார் 1.7 மீட்டரிலிருந்து 4.9 மீட்டர் வரை தெளிவு கிடைக்கிறது. பூக்காரம்மா, வாங்குகிறவர், பின்னால் பைக்கை நிறுத்திப் பேரம் முடியக் காத்திருக்கும் கணவர், மூவரும் ஒரே படத்துக்குள் வந்துவிடுவார்கள். 28 மி.மீ. லென்ஸ் என்றால் இன்னும் வசதி. எஃப் 8-இல் 3.3 மீட்டரில் ஃபோகஸை நிறுத்திவிட்டால், 1.7 மீட்டருக்கு அப்பால் உள்ளது எல்லாம், தெருக்கோடி வரை, தெளிவுதான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. தமிழ்நாட்டில் கேமரா பிடிக்கும் இளைஞர்களில் நிறையப் பேருக்குக் கல்யாண மண்டபம்தான் பள்ளிக்கூடம். அங்கே பின்னணியைக் கரைப்பதில் நியாயம் இருக்கிறது. மணமக்களுக்குப் பின்னால் ஒயரும் ஸ்பீக்கரும் அடுக்கி வைத்த நாற்காலியும் தெரிய வேண்டிய அவசியமில்லை. மண்டபத்தில் கற்ற வித்தையை அப்படியே தெருவுக்குக் கொண்டுவரும்போதுதான் கோளாறு. அங்கே கரைக்க வேண்டியதாக இருந்ததுதான் இங்கே எடுக்க வேண்டியது.

செல்போன் இதற்குத் தூபம் போட்டது. 2016-இல் ஐபோன் 7 பிளஸ்ஸுடன் போர்ட்ரெய்ட் மோட் வந்தது. சில வருஷங்களில் எல்லாப் போன்களிலும் அது இடம்பிடித்தது. அந்த மங்கல் லென்ஸில் உண்டாவது இல்லை. ஆளின் ஓரத்தைக் கண்டுபிடித்து, மற்றதை எல்லாம் கணக்குப் போட்டு மழுக்குகிறது மென்பொருள். காதோரத்து முடியும் கண்ணாடிச் சட்டமும் சிலசமயம் பாதி காணாமல் போவது அதனால்தான். இதில் மனசுக்குக் கஷ்டமான விஷயம் ஒன்று உண்டு. போனின் சென்சார் சிறியது. அதனால் லென்ஸின் மேல் எஃப் 1.8 என்று எழுதியிருந்தாலும், தெளிவின் ஆழத்தில் அது பெரிய கேமராவின் எஃப் 6 அல்லது எஃப் 8-க்கு ஈடாக வேலை செய்கிறது. பெரிய கேமராக்காரர் செட்டிங் மாற்றி வரவழைக்க வேண்டிய ஆழம் போன்காரருக்கு எடுத்தவுடனேயே கையில் இருக்கிறது. போர்ட்ரெய்ட் மோடைத் தட்டி அவர் தானாகவே அதைத் தூக்கி எறிகிறார்.

பின்னணி எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி, 1932-இல் பாரிஸில் சான் லஸார் ரயில் நிலையத்தின் பின்புறம் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸோன் எடுத்த படம். தேங்கிய தண்ணீரைத் தாண்டக் குதிக்கிறார் ஒருவர். குதிகால் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. படத்தை நூறு முறை பார்த்தவர்களும் பின்சுவரை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் சுவரொட்டியில் ஒரு நடனக்காரர் அதே மாதிரி துள்ளிக்கொண்டிருக்கிறார். சுவரைக் கரைத்திருந்தால் குட்டையைத் தாண்டும் ஓர் ஆள் மட்டும் மிஞ்சியிருப்பார். ரகுபீர் சிங் 1991-இல் ஹௌராவில் எடுத்த, நடைபாதைக் கண்ணாடிக் கடைப் படமும் இதே வகை. ரோட்டோரம் விற்பனைக்கு வைத்த கண்ணாடிகளில் தெரியும் ஊரும், அவற்றைச் சுற்றி நிஜமாக நிற்கும் ஊரும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும். எது பிம்பம், எது நிஜம் என்று கண் தேடித் தேடி அலையும். அந்தத் தேடலுக்கு எல்லா அடுக்கும் தெளிவாக இருந்தாக வேண்டும். தமிழ்நாட்டைப் பற்றியும் தனிப் புத்தகம் போட்டவர் அவர். இங்கே தெருப்படம் எடுக்க வருகிறவர்கள் அந்தப் புத்தகத்தைத் தேடிப் பிடித்துப் பார்ப்பது நல்லது.

எஃப் 8 வைத்தால் வெளிச்சம் போதாதே என்று உடனே கேட்பார்கள். ரகுபீர் சிங் பயன்படுத்தியது கோடாக்ரோம் படச்சுருள். அந்த வகைச் சுருள்களில் பரவலாகப் புழங்கியதன் வேகம் வெறும் 64. ஐஎஸ்ஓ என்று குறிக்கும் இந்த வேகம் இன்றைய கேமராக்களில் 3200 என்பது சாதாரணம். ஒளியை வாங்கும் திறனில் அது ஐம்பது மடங்கு. அந்த 64-ஐ வைத்துக்கொண்டே, உச்சி வெயிலில் எஃப் 8 வைத்தால், ஒளி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஷட்டருக்கு 1/250 விநாடி கிடைத்துவிடும். இதற்குப் பழைய போட்டோகிராபர்கள் எல்லாருக்கும் தெரிந்த மனக்கணக்கு ஒன்று உண்டு. நல்ல வெயிலில் எஃப் 16 வை. ஐஎஸ்ஓ எவ்வளவோ, ஷட்டரை அந்த எண்ணின் பின்னத்தில் வை. ஐஎஸ்ஓ 125 என்றால் 1/125 விநாடி. எஃப் 8-க்கு வந்தால் ஒளி நான்கு மடங்கு கூடுகிறது, ஆகவே 1/500 விநாடி. நம் ஊர் வெயிலுக்கு எஃப் 8, 1/500 என்பது கேமராவைத் துளியும் சிரமப்படுத்தாத அளவு.

வெயிலைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். தெருப் புகைப்படம் பற்றிய ஆலோசனைகளில் பெரும்பகுதி நியூயார்க், லண்டன், பாரிஸ் தெருக்களை வைத்து எழுதப்பட்டவை. அந்த ஊர்களில் சூரியன் எந்த நாளிலும் நேர் தலைக்கு மேல் வருவதில்லை. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாளும் ஆகஸ்ட்டின் பின்பாதியில் ஒரு நாளும் நண்பகலில் சூரியன் நட்ட நடு உச்சிக்கு வந்து, நட்டுவைத்த குச்சிக்கு நிழலே விழாது. நிழலில்லா நாள் என்று பள்ளிக்கூடங்களில் செய்துகாட்டுவது இதைத்தான். அதையொட்டிய வாரங்களில் நண்பகலில் எடுத்த முகம் எதிலும் கண்குழி இரண்டும் கறுத்து, மூக்கின் நிழல் மேலுதட்டில் விழுந்திருக்கும். எந்த செட்டிங்காலும் இதைச் சரிசெய்ய முடியாது. பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை பாரிமுனைப் பக்கத்துச் சந்துகளுக்குள் நுழைந்துவிட வேண்டும். எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி அங்கே கிடைக்கும், தார்ப்பாயில் வடிகட்டிய ஒளியும் கிடைக்கும். முகத்துக்கு இதைவிட நல்ல விளக்கை ஸ்டுடியோவில்கூட வைக்க முடியாது.

சந்துக்குள் காலெடுத்து வைத்ததும் ஒளி எட்டில் ஒரு பங்காக, பதினாறில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். வெளியே ஐஎஸ்ஓ 125 போதும் என்றால் உள்ளே 1000, 2000 கேட்கும். ஒவ்வொரு முறையும் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் தெருவைப் பார்ப்பது எப்போது? அதனால் அப்பெர்ச்சரையும் ஷட்டரையும் கையால் பூட்டிவிட்டு, ஐஎஸ்ஓவை மட்டும் கேமராவின் பொறுப்பில் விடுவது உத்தமம். உச்ச வரம்பு 6400 என்று வைத்தால் பெரும்பாலான சந்துகளில் சமாளிக்கும்.

ஷட்டர் வேகம் தனி விஷயம். தெருப்படத்தில் மனிதர்கள் இருப்பதும் இல்லாமல் போவதும் அதைப் பொறுத்தது. 1838-இல் பாரிஸின் ஒரு பரபரப்பான சாலையை, புகைப்படக் கலையின் முன்னோடி தாகேர் தன் ஜன்னலிலிருந்து படமெடுத்தார். பல நிமிடம் ஒளி காட்ட வேண்டியிருந்த காலம். வண்டியும் குதிரையும் ஜனங்களும் போய்க்கொண்டே இருந்ததால் தகட்டில் ஒன்றும் பதியவில்லை. ஓரத்தில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு ஒருவர் அசையாமல் நின்றார். அவர் மட்டும் பதிந்தார். இருபது வருஷம் கழித்து, 1858-இல், லின்னியஸ் டிரைப் என்னும் புகைப்படக்காரர் மதுரைக்கும் தஞ்சைக்கும் வந்தார். மெழுகு பூசிய காகித நெகட்டிவில் அவர் எடுத்த கோபுரங்களும் மண்டபங்களும் இன்றைக்கும் வியக்க வைக்கின்றன. ஆனால் ஆயிரக்கணக்கானோர் நடமாடும் அந்த இடங்கள் அவர் படங்களில் ஆளரவமற்றுக் கிடக்கும். நின்று போஸ் கொடுத்தவர் இருப்பார், நடந்தவர் இருக்க மாட்டார். நம் ஊர் தெரு மனிதர்கள் நடந்தபடியே படத்துக்குள் வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஷட்டரை எவ்வளவில் வைப்பது என்று கற்க ஒரு டீக்கடை போதும். மாஸ்டர் டீ ஆற்றுவதைப் பாருங்கள். மேலே தூக்கிய கையிலிருந்து கீழே பிடித்த டம்ளர் வரை மூன்றடி இருக்கும். அவ்வளவு தூரம் விழும் திரவம் அடியைத் தொடும்போது விநாடிக்கு நான்கு மீட்டருக்கும் மேலான வேகத்தில் இருக்கிறது. 1/60 விநாடியில் எடுத்தால் அதற்குள் டீ ஏழு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் அது வழவழப்பான பழுப்பு நாடாவாக வரும். 1/500-இல் நகர்வு எட்டு மில்லிமீட்டர்; நாடா முறுக்கிக்கொள்வதும் விளிம்பில் துளிகள் பிரிவதும் தெரியத் தொடங்கும். 1/2000-க்குப் போனால் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக நின்றுவிடும், நுரையின் கண்கள்கூடத் தெரியும். 1/15-க்கு இறங்கினால் டீயோடு மாஸ்டரின் கையும் கரைந்து, முகம் மட்டும் நிற்கும். நான்குமே நல்ல படங்கள்தான். ஒவ்வொன்றும் அந்த மனிதரைப் பற்றி வேறு வேறு செய்தி சொல்கிறது. துளிகள் நின்ற படத்தில் டீதான் கதாநாயகன். கை கரைந்த படத்தில் விடிகாலை நான்கு மணியிலிருந்து ஆற்றிக்கொண்டிருக்கும் அந்த ஓயாத அசைவு தெரியும். எது வேண்டும் என்று எடுப்பவர் தீர்மானிக்க வேண்டும். ஆட்டோ மோடில் விட்டால் கடைக்குள் எவ்வளவு ஒளி இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து, கேமரா ஏதோ ஒன்றைத் தீர்மானித்துவிடும். டீயைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

நடந்து போகிறவர்களுக்கு 1/500 தாராளம். சாதாரண நடையில் விநாடிக்கு ஒன்றரை மீட்டர் என்று வைத்தால், அந்த நேரத்தில் உடல் மூன்று மில்லிமீட்டர்தான் நகரும். 1/60 என்றால் இரண்டரை சென்டிமீட்டர், முகம் குழம்பிவிடும். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக்குக்கு 1/1000 வேண்டும். இதற்கு மேல் மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை.

ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படம் பொரிப்பொரியாகிவிடும் என்ற பயம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அந்தப் பயத்தில் ஐஎஸ்ஓவைக் குறைத்து, ஷட்டரை மெதுவாக்கி, கடைசியில் குழம்பிய படத்தோடு வீடு திரும்புகிறார்கள். பொரியோடு கூடிய தெளிவான படம் பயன்படும். பொரியில்லாத குழம்பிய படத்தை என்ன செய்வது? கேரி வினோகிராண்ட் நியூயார்க் தெருக்களில் 400 வேகமுள்ள டிரை-எக்ஸ் சுருளை 1200 என்று பாவித்து எடுத்து, அதற்கேற்பக் கழுவினார். பட்டப்பகலில் அப்படிச் செய்ததன் நோக்கம், அப்பெர்ச்சரைச் சுருக்கியும் ஷட்டரை வேகமாகவும் வைத்துக்கொள்வது. பொரியை அவர் பொருட்படுத்தவில்லை. 1984-இல் அவர் இறந்தபோது கழுவாத சுருள்கள் மட்டுமே சுமார் 2,500 இருந்தன. ஜப்பானின் தாய்தோ மொரியாமா ஒரு படி மேலே போய்ப் பொரியையே தன் கையெழுத்தாக்கிக்கொண்டார். ஷிஞ்சுகு தெருக்களில் சட்டைப் பையில் அடங்கும் ரிக்கோ ஜிஆர் கேமராவோடு அலைந்து அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் பொரி இல்லை என்றால் அந்த நகரத்தின் வெக்கையே இல்லை.

இரவில் மட்டும் விதியைத் தளர்த்தலாம். ரங்கநாதன் தெருவில் தீபாவளிக் கூட்டம் என்றால் எஃப் 2.8 வரை திறந்தாலும் பாதகமில்லை, 28 மி.மீ. லென்ஸில் மூன்று மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் 2.3 மீட்டரிலிருந்து 4.4 மீட்டர் வரை தெளிவு இருக்கிறது. ஆனால் வேறொரு தொல்லை முளைக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கடை விளக்குகள் பலவும் விநாடிக்கு நூறு முறை துடிக்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை 1/1000-இல் வைத்து எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாக விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, 1/100-க்கு இறங்கினால் பட்டை போய்விடும். 1/100-இல் நடக்கிறவர் லேசாகக் குழம்புவார் என்பதால், கடை வாசலில் சேலையை விரித்துப் பார்க்கிறவர், பில்லுக்காக நிற்கிறவர், குல்ஃபி வாங்கிக் கொடுக்கச் சொல்லி அடம்பிடித்து நின்றுவிட்ட பிள்ளை என்று நிற்கிறவர்களைத் தேட வேண்டும்.

அடுத்தது ஃபோகஸ். ஆட்டோஃபோகஸ் எவ்வளவோ முன்னேறிவிட்டது. கண்ணைக் கண்டுபிடிக்கும், பறவையைக் கண்டுபிடிக்கும். ஆனாலும் தெருவில் முன்கூட்டியே தூரத்தைக் குறித்து வைத்துக்கொள்வதற்கு ஈடில்லை. 1930, 40களில் நியூயார்க்கின் கொலைகளையும் தீ விபத்துகளையும் இரவிரவாக எடுத்த வீஜீ, தன் பெரிய ஸ்பீட் கிராஃபிக் கேமராவை எஃப் 16, 1/200 விநாடி, பத்தடி தூரம் என்று பூட்டி வைத்திருந்தார். வெளிச்சத்துக்கு ஃபிளாஷ் பல்பு. பத்தடிக்குள் போய் நிற்பது மட்டும்தான் அவருடைய வேலை. எஃப் 8 வை, இடத்தில் இரு என்று பத்திரிகைப் போட்டோகிராபர்கள் வழிவழியாகச் சொல்வதும் இதே பாடம்தான். ரிக்கோ ஜிஆர் கேமராவில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. 2 மீட்டர் என்று குறித்துவிட்டு பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தினால், ஃபோகஸைத் தேடாமல் அந்தத் தூரத்தில் படம் விழும். அதன் சின்ன லென்ஸில் எஃப் 8 வைத்தால் ஒரு மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை தெளிவு.

வேகம் ஒரு லாபம் என்றால், மரியாதை அதைவிடப் பெரியது. சாலையில் ஒருவர் முன் நின்று, கேமராவைக் கண்ணில் வைத்து, ஃபோகஸ் சரியில்லை என்று இறக்கி, மறுபடி ஏற்றி, திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, மீண்டும் எடுத்தால் எதிரில் இருப்பவருக்கு எப்படி இருக்கும்? காய்கறி விற்க வந்தவரை வேடிக்கைப் பொருளாக்கி அரை நிமிடம் நிறுத்தி வைக்கிறோம். செட்டிங் எல்லாம் முன்கூட்டியே முடிந்திருந்தால் கேமரா மேலே வருவதும் இறங்குவதும் ஒரே மூச்சில் முடியும். கண் அவரைப் பார்க்கும். பார்த்தால் சிரிக்கலாம், தலையசைக்கலாம், வேண்டாம் என்று கை காட்டினால் உடனே நகர்ந்துவிடலாம். சாலையின் மறுபக்கத்திலிருந்து 200 மி.மீ. ஜூம் லென்ஸ் வைத்து இழுத்து எடுப்பவருக்கு இந்தச் சங்கடம் எதுவும் இல்லை, ஏனென்றால் எடுக்கப்படுகிறவருக்குத் தான் எடுக்கப்படுவதே தெரியாது. அதனால்தான் அந்த முறையைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. கார்த்தியே-ப்ரெஸோனுக்கு வாழ்நாள் பெரும்பகுதி ஒரு சிறிய லைக்கா கேமராவும் 50 மி.மீ. லென்ஸுமே போதுமாக இருந்தன. 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர் அவர். அப்படிப்பட்ட இடத்தில் அப்படிப்பட்ட நேரத்தில் பெரிய கருவிகளோடு ஒருவர் வளைய வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால், சின்னக் கேமராவின் அருமை புரியும்.

எல்லாவற்றையும்விட அக்கறையோடு பார்க்க வேண்டியது முகத்தின் நிறம். எதிரே இருப்பதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நடுத்தரச் சாம்பலுக்குச் சமமாக வரும் என்ற அனுமானத்தில்தான் கேமராவின் ஒளிமானி வேலை செய்கிறது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சுண்ணாம்புச் சுவர், வெளுத்த வானம் என்று படத்தில் வெள்ளை நிறைந்தால் கேமரா எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். சட்டை சாம்பலாகும். அதைப் போட்டிருக்கும் மாநிற, கருநிற மனிதரின் முகம் மையாகிவிடும். கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை ஒரு படி கூட்டினால் முகம் மீண்டுவிடும். வானம் கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும். மாறாக, இருண்ட கடைக்குள்ளிருந்து வெயிலுக்கு எட்டிப் பார்க்கும் முகம் என்றால் ஒரு படி, சிலசமயம் இரண்டு படி குறைக்க வேண்டும்; இல்லாவிட்டால் நெற்றி வெந்துபோகும்.

இது வெறும் தொழில்நுட்பச் சங்கதியாக இருந்ததில்லை. 1950களிலிருந்து கோடக் நிறுவனம் போட்டோ கழுவும் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பிக்கொண்டிருந்தது. ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவர் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கறுப்பு, மாநிறத் தோலின் நுணுக்கங்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. சாக்லேட் தயாரிப்பாளர்களும் மரச்சாமான் தயாரிப்பாளர்களும் தங்கள் பொருளின் பழுப்பு நிறங்கள் சரியாகப் பதியவில்லை என்று புகார் செய்த பிறகே படச்சுருளின் அந்தக் குறை கவனிக்கப்பட்டது என்று கோடக்கில் வேலை பார்த்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். பல நிற முகங்கள் கொண்ட அட்டைகள் வரத் தொண்ணூறுகள் ஆயின. 2021-இல்தான் கூகுள் தன் பிக்ஸல் 6 போனில் எல்லா நிறத் தோலையும் உள்ளபடி காட்டுவதற்கென்றே ரியல் டோன் என்ற பெயரில் ஏற்பாடு செய்தது.

ஆகவே நம் முகங்களை நம் நிறத்தில் எடுப்பதை எந்த இயந்திரமும் தானாகச் செய்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது. பல போன்களில் முகத்தை வெளுப்பாக்கி, தோலை மழமழப்பாக்கும் பியூட்டி ஃபில்டர் நாம் கேட்காமலேயே வேலை செய்துகொண்டிருக்கிறது. செட்டிங்ஸுக்குள் போய் முதலில் அதை அணைக்க வேண்டும். காசிமேட்டில் வலை இழுக்கிறவரின் முகத்தை வெளுப்பாக்கிக் காட்டுவது அவரை அவமதிப்பது. இன்னொரு பக்கம், சூரிய உதயத்தின் பின்னணியில் ஆட்களைக் கறுப்பு உருவங்களாக எடுக்கும் மெரினாப் படங்களும் அலுத்துவிட்டன. நிழலைக் கறுக்க விடுவதில் தப்பில்லை. அலெக்ஸ் வெப் கரீபியத் தீவுகளிலும் மெக்ஸிகோவிலும் எடுத்த வண்ணப் படங்களில் பாதிச் சட்டகம் கும்மிருட்டாக இருக்கும், ஆனால் ஒளி விழும் இடத்தில் ஒரு முகமோ கையோ உயிரோடு நிற்கும். முகத்தையே இருட்டில் தள்ளிவிட்டு வானத்தின் ஆரஞ்சு நிறத்தைக் காப்பாற்றுவது எளிய தந்திரம். அந்தக் கடற்கரையில் நின்ற மனிதர் யார் என்பதே போய்விடுகிறது.

2016-இல் முதல் சென்னைப் புகைப்பட பினாலே நடந்ததிலிருந்து இங்கே தெருப் புகைப்படத்தின் மேல் ஆர்வம் கூடியிருக்கிறது. கல்லூரிகளில் விஸ்காம் படிக்கும் பிள்ளைகள் கேமராவோடு தெருவுக்கு வருகிறார்கள். விடியற்காலையில் குழுவாகச் சேர்ந்து கோயம்பேடு பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் உண்டு. அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் ஒரு பருவம் முழுக்க ஒரே லென்ஸ், எஃப் 8, 1/500 என்று கட்டுப்பாடு வைத்துப் பார்க்கலாம். வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓ ஏறட்டும், படத்தில் பொரி விழட்டும். போட்டி நடத்துகிற அமைப்புகள், தெருப் பிரிவுக்கு வரும் படத்தை அது எடுக்கப்பட்ட தெருவை வைத்து அடையாளம் காண முடிகிறதா என்பதையும் மதிப்பெண்ணில் சேர்க்கலாம். செல்போனில் எடுத்த படங்களுக்கு என்று தனிப் பிரிவு ஒதுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிட்டால், தெருவின் ஆழத்தைக் காட்டுவதில் அந்தப் போன் லட்ச ரூபாய் லென்ஸுக்குக் குறைந்ததில்லை.